ஆறு பத்து எந்த ஊருக்கு?

ஐப்பசி அடைமழையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த ஒரு சாயங்காலம் வாத்தியார் போன் பண்ணினார்.

"தம்பி, நீ போட்டிருக்க பஸ் டைமைக் கேட்டேன். ஆறு பத்து, ஏழு நாப்பது, ஒம்பது அஞ்சுன்னு மடமடன்னு வாசிச்சிட்டுப் போகுது. அந்த ஆறு பத்து எந்த ஊருக்குப்பா?"

'பார்த்தேன்' என்று அவர் சொல்லவில்லை. தாண்டிக்குடிப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதி கண்ணைப் பறித்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில், திரையில் இருக்கும் எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. யாரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். அம்புக்குறி விசைகளைத் தட்டித் தட்டி வாத்தியார் அதில் செய்தி கேட்பார், மிளகு விலை கேட்பார். அன்றைக்கு என் பஸ் அட்டவணையைக் கேட்டிருக்கிறார்.

அந்த அட்டவணைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொடுத்திருந்தேன். மலையிலிருந்து இறங்க எங்களுக்கு இரண்டு வழி. பண்ணைக்காடு, ஊத்து போய்க் கொடைக்கானல் ரோட்டைப் பிடித்து வத்தலக்குண்டு இறங்குவது ஒன்று. பெரும்பாறை வழியாகச் சித்தரேவு இறங்குவது இன்னொன்று. எந்த வழியானாலும் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு மேகம் அடைத்துக் கிடக்கும் ரோட்டில் நெடுநேரம் நிற்க வேண்டும். அதனால்தான் ஊருக்கென்று ஓர் இணையப் பக்கம் எழுத உட்கார்ந்தபோது முதல் வேலையாக பஸ் நேரத்தைப் போட்டேன்.

இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.-இல் 'ப்ரீ' என்று ஒரு டேக், அதாவது குறிச்சொல், உண்டு. அதற்குள் எத்தனை இடைவெளி விட்டாலும் தட்டியது தட்டியபடி திரையில் நிற்கும். மற்ற இடங்களில் அப்படி இல்லை. பத்து இடைவெளி விட்டாலும் பிரவுசர் ஒன்றாகச் சுருக்கிவிடும். என்டர் தட்டி வரி மாற்றினாலும் அதற்கு அது இன்னோர் இடைவெளிதான். ஆகவே ப்ரீயைத் திறந்து, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி, ஊர்ப்பெயர்களை மேல்வரியிலும் நேரங்களை அவற்றுக்கு நேர்கீழேயும் நிறுத்தினேன். ஆங்கிலத்தில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் வைத்த எழுத்துருக்கள் இருக்கின்றன, அங்கே இந்த வேலை சுலபம். தமிழில் 'ர' எங்கே, 'ணை' எங்கே? ஒரு வரி நேரானால் அடுத்த வரி விலகும். சாயங்காலம் வரை இழுத்துக் கட்டி, என் திரையில் எல்லாம் நூல் பிடித்தது போல நின்றபோது எழுந்தேன். அண்ணன் மகன் போனில் அது கோணிப்போய்த் தெரிந்தது. போனைக் குறை சொல்லிவிட்டு விட்டுவிட்டேன்.

வாத்தியாரின் கேள்வியை அப்படி விட முடியவில்லை. கண்ணால் பார்க்கிறவர் மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை பார்த்து, ஆறு பத்துக்கு மேல் வத்தலக்குண்டு என்று இருக்கிறது, சரி, என்று கோத்துக்கொள்வார். அந்தக் கோர்வை என் கண்ணில் இருந்தது. நான் எழுதியதில் இல்லவே இல்லை. எழுத்தில் இருந்தது வெறும் ஊர்ப்பெயர்களின் வரி ஒன்று, எண்களின் வரிகள் சில. இயந்திரம் எழுதியதை எழுதியபடி வாசித்திருக்கிறது.

மறுநாள் காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. திண்ணையில் மிளகுக்கொடித் துண்டங்களை ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். அம்மா காபி கொண்டுவந்து வைத்தார்.

"முதல்ல ஒண்ணு சொல்லு. டேக் டேக்குங்கிறியே, அது என்ன?" என்றார் வாத்தியார்.

எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். கணக்கில் 'விடச் சிறியது' என்று போடுவோமே, அந்தக் குறியைப் போட்டு, டேக்கின் பெயரை எழுதி, 'விடப் பெரியது' குறியால் அடைக்க வேண்டும். அது திறக்கிற டேக். அப்புறம் நம் விஷயம். விஷயம் முடிந்ததும் அதே பெயரை மறுபடி எழுத வேண்டும், ஆனால் பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு. அது மூடுகிற டேக். திறந்ததற்கும் மூடியதற்கும் நடுவில் இருப்பது தலைப்பா, பத்தியா, பட்டியலா, மேற்கோளா என்று அந்தப் பெயர் சொல்லும். திரையில் டேக் தெரியாது, அதன் வேலை மட்டும் தெரியும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இது இ-ள் தானப்பா!" என்றார்.

பழைய இலக்கண உரைகளைப் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நூற்பாவைக் கொடுத்துவிட்டு 'இ-ள்' என்று போடுவார்கள். 'இதன் பொருள்' என்பதன் சுருக்கம். பொருள் சொல்லி முடிந்த இடத்தில் 'எ-று', அதாவது 'என்றவாறு'. நடுவில் உதாரணம் வந்தால் 'எ-டு'. இ-ள் திறக்கிறது, எ-று மூடுகிறது. இடையில் இருப்பது உரையாசிரியர் சொல்லும் பொருள், வெளியே இருப்பது மூலம். எந்த எழுத்து பெரிது, எது தடிப்பு, எது சாய்வு என்று அதில் ஒன்றுமே இல்லை. இது இன்னது என்று மட்டும் சொல்கிறது. ஒருவர் வாசிக்க ஒருவர் கேட்டாலும் எங்கே மூலம் முடிந்தது, எங்கே உரை தொடங்கியது என்று தெரிந்துவிடும்.

"இன்னொண்ணும் பாரு. நம்ம பேச்சுலயே மூடுற டேக் இருக்கு. 'நாளைக்கு வர்றேன் என்று சொன்னான்.' அந்த 'என்று' என்ன? அவன் பேசினது இங்க முடிஞ்சதுன்னு அர்த்தம். மேற்கோள் குறி நமக்கு அச்சோட வந்தது. அதுக்கு முந்தி 'என்று'தான் மூடிக் கொடுத்துச்சு."

எச்.டி.எம்.எல். தொட்டுப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் தாத்தாவின் கணக்கு நோட்டு உடனே நினைவுக்கு வந்தது. மலைவாழையும் ஆரஞ்சும் கீழே போன காலத்து நோட்டு. எண்களின் பக்கத்தில் ௷ என்று ஒன்று, ௶ என்று ஒன்று, அடிக்கடி ௸. வரவு, பற்று, மேற்படி. சின்ன வயதில் அவற்றைக் கிறுக்கல் என்று நினைத்திருந்தேன். நாற்பது என்று வெறுமனே எழுதினால் அது வந்த நாற்பதா, கொடுத்த நாற்பதா? அந்தக் குறிதான் அதைச் சொல்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடில் இவை இப்போது தமிழ் எழுத்துகளோடு சேர்ந்து இருக்கின்றன, இந்தப் பக்கத்தில் அப்படியே தட்ட முடிந்ததும் அதனால்தான்.

டேக்கை உண்டாக்கியவர்களும் இதே இடத்திலிருந்துதான் புறப்பட்டார்கள். 1969-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி என்ற மூவர் சட்ட அலுவலகங்களின் ஆவணங்களைக் கணினியில் வைக்க வழி தேடினார்கள். கோல்ட்ஃபார்ப் வக்கீலும்கூட. 'இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடு' என்று எழுதி வைத்தால் அச்சடிக்க மட்டும் உதவும். 'இது தலைப்பு' என்று எழுதி வைத்தால் அச்சடிக்கவும் தேடவும் தொகுக்கவும் உதவும். மூவர் பெயரின் முதலெழுத்துகளும் சேர்ந்து ஜி.எம்.எல். ஆனது. அது வளர்ந்து 1986-இல் எஸ்.ஜி.எம்.எல். என்ற உலகத் தரமானது. ஜெனீவாவில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்த டிம் பெர்னர்ஸ்-லீ அதைப் பார்த்துத்தான் எச்.டி.எம்.எல். செய்தார். 1991-இல் அவர் கொடுத்த பட்டியலில் இருந்தவை மொத்தம் 18 டேக்குகள். தலைப்பு, பத்தி, பட்டியல், முகவரி, இணைப்பு என்று எல்லாம் 'இது என்ன' என்று சொல்கிற பெயர்கள். எழுத்தின் நிறத்துக்கோ அளவுக்கோ அதில் டேக் கிடையாது.

நிறமும் அளவும் பின்னால் பிரவுசர் கம்பெனிகளின் போட்டியில் வந்தவை. 'ஃபான்ட்' டேக் வந்தது, மின்னி மின்னி அணையும் 'ப்ளிங்க்' வந்தது, ஓடும் எழுத்து 'மார்க்கீ' வந்தது. 1996 டிசம்பரில், பக்கத்தின் தோற்றத்தை மட்டும் தனியாக எழுதி வைக்கும் சி.எஸ்.எஸ். வந்த பிறகு தோற்றத்துக்குத் தனி இடம் கிடைத்துவிட்டது. 1997-இல் வந்த எச்.டி.எம்.எல். 4, ஃபான்ட் டேக்கை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நான் அதை எத்தனையோ வருஷம் கழித்தும் போட்டுக்கொண்டிருந்தேன். வத்தலக்குண்டு நெட் சென்டரில் அரை மணிக்கு அரை மணி காசு கொடுத்துக் கற்றபோது அங்கே இருந்த புத்தகம் அதைத்தான் காட்டியது.

அந்த நெட் சென்டர் நாட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் டேக் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது பட்டிருப்பார்கள். நோட்பேடில் ஒரு பக்கம் முழுக்கத் தமிழில் அடித்து சேவ் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரம் போய்த் திறந்தால் அத்தனையும் கேள்விக்குறி. வரி வரியாகக் கேள்விக்குறி. சேவ் செய்யும்போது கீழே, தமிழைத் தாங்காத 'ஆன்சி' என்று இருந்ததை, எல்லா மொழியையும் தாங்கும் 'யு.டி.எஃப்-8' என்று மாற்றாமல் விட்டதன் பலன். எழுத்து போனது போனதுதான், திரும்பி வராது. இன்னொரு தடவை சரியாக சேவ் செய்திருந்தேன், ஆனால் எந்த முறையில் எழுத்தைப் படிக்க வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் 'மெட்டா சார்செட்' டேக்கைப் பக்கத்தின் தலையில் போடவில்லை. திரை முழுக்க, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ-வும் வட்டத்துக்குள் ஆர் எழுதிய முத்திரையும் மாறி மாறி வந்தன. யு.டி.எஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்று, இரண்டாவதும் பெரும்பாலும் ஒன்றே. மேற்கு ஐரோப்பிய எழுத்தாக நினைத்துப் படிக்கும் பிரவுசருக்கு அந்த இரண்டும்தான் ஏ-யாகவும் ஆர்-ஆகவும் தெரிகின்றன. இந்த இரட்டையைப் பார்த்தால் இப்போது பதறுவதில்லை. எழுத்து பத்திரமாக இருக்கிறது, டேக் ஒன்றுதான் குறைகிறது.

திண்ணைக்கு வருகிறேன்.

வாத்தியார் என் பக்கத்தைத் தன் லேப்டாப்பில் திறந்து, எச் என்ற விசையைத் தட்டினார். என்.வி.டி.ஏ.-யில் அந்த விசையைத் தட்டினால் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவும். செய்தித்தாளில் நாம் கொட்டை எழுத்தை மட்டும் மேய்ந்துகொண்டு போவது போல. அடுத்த தலைப்பு எதுவும் இல்லை என்றது குரல். இருக்கிறதே என்றேன். பஸ் நேரம், ரேஷன் கடை, மிளகு, காபி என்று நாலு தலைப்பு பெரிதாக, தடிப்பாக, பச்சை நிறத்தில் நின்றன. ஆனால் நான் அவற்றைத் தடிப்பு டேக்காலும் ஃபான்ட் டேக்காலும் பெரிதாக்கியிருந்தேன், தலைப்பு டேக் போடவில்லை. குரலுக்கு அவையும் பத்தோடு பதினொன்றான வரிகள்.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். பக்கத்தின் பெயருக்கு எச்1, நாலு தலைப்புக்கும் எச்2. வாத்தியார் எச்சைத் தட்டினார். பஸ் நேரம். தட்டினார். ரேஷன் கடை. தட்டினார். மிளகு. "ம்ம்" என்றார்.

அட்டவணைக்கு ப்ரீயைக் கழற்றிவிட்டு 'டேபிள்' போட்டேன். இதில் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். டேபிளுக்குள் வரிசைக்கு 'டி.ஆர்.', கட்டத்துக்கு 'டி.டி.'. இவை இரண்டோடு நிறுத்தினாலும் கண்ணுக்கு அட்டவணைதான். ஆனால் தலைக்கட்டங்களுக்கு டி.டி. போடக்கூடாது, 'டி.எச்.' போட வேண்டும். வத்தலக்குண்டு என்பது அதன் கீழே வரும் எல்லா நேரத்துக்கும் தலை. அதனால் அந்த டி.எச்.-க்குள் 'ஸ்கோப்' என்று எழுதி, நெடுவரிசையைக் குறிக்கும் 'கால்' என்று கொடுக்க வேண்டும். 'முதல் பஸ்', 'இரண்டாவது பஸ்' என்று இடப்பக்கம் வருபவை வரிசைக்குத் தலை, அங்கே ஸ்கோப்புக்கு 'ரோ'. மொத்த அட்டவணைக்கும் 'கேப்ஷன்' டேக்கில் ஒரு பெயர். இவ்வளவும் சேர்ந்தால் ஒவ்வொரு நேரமும் தான் எந்த ஊருக்குரியது என்று தானே தெரிந்து நிற்கும்.

கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு வாத்தியார் வலது அம்பைத் தட்டினார். வத்தலக்குண்டு, ஆறு பத்து. மறுபடி தட்டினார். சித்தரேவு, ஏழு நாற்பது. இடப்பக்கம் திரும்பி, கீழே ஒரு தட்டு. இரண்டாவது பஸ், ஒன்பது ஐந்து. மூன்று தடவை மேலும் கீழும் போய் வந்தார். கைவிரல் மட்டும் அசைந்தது, முகம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இழுத்த வேலை அது. சரியான டேக்கோடு இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அண்ணன் மகன் போனிலும் இப்போது கோணவில்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாகத் தோண்டினோம். மண்சரிவு நாளில் பஸ் வராது என்பதைத் தடித்த எழுத்தில், 'ஸ்ட்ராங்' டேக்கில் போட்டிருந்தேன். முக்கியமானது என்று சொல்லும் டேக் அது, தடிப்பு டேக்கைவிட அர்த்தமுள்ளது, ஆகவே குரலும் அழுத்திச் சொல்லும் என்று நம்பினேன். சொல்லவில்லை. என்.வி.டி.ஏ.-யை நிறுவியபடியே விட்டால் தடிப்பையும் அழுத்தத்தையும் அது சொல்வதில்லை, அமைப்பில் போய் மாற்ற வேண்டும். "அதுக்கு ஏன் டேக்கை நம்புற? 'கவனம்'னு முதல் சொல்லாப் போடு. 'வராது'ன்னு இருக்கிறதை 'வரவே வராது'ன்னு எழுது. தமிழ்ல அழுத்தம் சொல்லுக்குள்ளயே இருக்கு" என்றார். ஏகாரமும் 'தான்'னும் 'கூட'வும் இருக்கிற மொழி. ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சாய்த்துக் காட்டுகிற அழுத்தத்தை நாம் 'அவன்தான்', 'அவனே', 'அவன்கூட' என்று ஒட்டியே முடித்துவிடுகிறோம். ஸ்ட்ராங் டேக்கை எடுக்கவில்லை, அது அங்கே இருப்பது சரிதான். சொல்லையும் மாற்றினேன்.

சாய்வெழுத்தை முழுக்க விட்டுவிட்டேன். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வெழுத்து வரைந்து வைக்கப்படவில்லை, சாய்வுக்கான ஐ டேக்கைப் போட்டால் நேராக நிற்கும் எழுத்தை பிரவுசர் தானே பிடித்துத் தள்ளிச் சாய்க்கிறது. 'ஞ'வும் 'ழ'வும் அதில் படும் பாடு சகிக்கவில்லை. அடிக்கோடும் அப்படித்தான். கு, டு, மூ என்று நம் எழுத்துகள் கீழே இறங்கி வாழ்கின்றன, பழைய பிரவுசர்களில் கோடு அவற்றின் வாலை வெட்டிக்கொண்டு போனது, இப்போதைய பிரவுசர்களில் வாலுக்கு வழி விட்டுத் துண்டு துண்டாக உடைகிறது. போதாததற்கு அடிக்கோடு இருந்தால் இணைப்பு என்று நினைத்து எல்லாரும் தொட்டுப் பார்க்கிறார்கள்.

இணைப்பு என்றதும் ஒன்று. பக்கம் முழுக்க 'இங்கே தொடவும்' என்று வைத்திருந்தேன். திரைவாசிப்பான் இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுத்துக் கொடுக்கும். இங்கே தொடவும், இங்கே தொடவும், இங்கே தொடவும் என்று எட்டுத் தடவை கேட்டது. 'மிளகு வாடலுக்கு மருந்து', 'தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் போகும் வழி' என்று விஷயத்தையே இணைப்பாக்கினேன். மொழியைச் சொல்லும் 'லாங்' குறிப்பில், எங்கிருந்தோ எடுத்த மாதிரியில் இருந்தபடி ஆங்கிலம் என்றே கிடந்தது. அதைத் தமிழ் என்று மாற்றியதும் குரல் தடுமாறாமல் வாசித்தது.

நோட்டீஸைப் படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கம் எங்கள் ஊரிலும் உண்டு. ரேஷன் கடை நாள் மாற்றம், மின்தடை, எல்லாம் படம். வாத்தியாருக்கு அது 'படம்' என்ற ஒரு சொல், அவ்வளவுதான். 'தாண்டிக்குடி' என்று எழுத்தாக எழுதினால் 36 பைட். அதையே போட்டோவாக அனுப்பினால் பல லட்சம் பைட் ஆகும், மேட்டில் ஏறி சிக்னல் தேடி நிற்கிறவருக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். டேக் போட்ட எழுத்து மழை நாளிலும் வந்து சேர்ந்துவிடுகிறது. ஊருக்கு நோட்டீஸ் எழுதும் பையன்களிடம் இதை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

கார்த்திகையில் ஒரு நாள் வாத்தியார் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை பஸ் விஷயம் இல்லை. மலையைப் பற்றி அவ்வப்போது குறள் வெண்பா கட்டி மனசிலேயே வைத்திருக்கிறாராம். அவற்றைப் பக்கத்தில் ஏற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் உரையும் அவரே சொல்வார்.

"நான் சொல்றேன், நீ தட்டு. ஆனா என்டர் தட்டினா வரி உடையாதுன்னியே?"

"உடையாது சார். அதுக்கு 'பி.ஆர்.' இருக்கு. வரி எங்க உடையணும்ங்கிறது விஷயத்தோட சேர்ந்ததுன்னா மட்டும் அதைப் போடணும். பாட்டு, முகவரி, அந்த மாதிரி. பத்திக்கு நடுவுல இடம் விடறதுக்குப் போடக்கூடாது."

"பாட்டுக்கு அடி விஷயம்தானே. சரி, எழுது. முதல் அடி நாலு சீர்."

நாலு சீர் சொன்னார். பி.ஆர். போட்டேன். மூன்று சீர் சொன்னார். மூடினேன்.

"இப்ப இ-ள் திற" என்றார்.